திருவிழாக் கமிட்டி மட்டும் போதாது

வணக்கம் நேயர்களே.

ஒரு கத்தோலிக்கக் கோவிலைச் சேர்ந்த மக்கள் எல்லாரும் ஒரு பங்கு. அந்தப் பங்கின் பிரதிநிதிகள் சேரும் பங்குப் பேரவை கூடினால் நாம் என்ன பேசுகிறோம்? கொடியேற்றத்துக்கு யாரை அழைப்பது, தேர் அலங்காரத்தை யாரிடம் கொடுப்பது, மைக் செட்காரர் போன வருஷம் வாங்கியது எவ்வளவு, இந்த வருஷம் கேட்பது எவ்வளவு, நவநாளில் எந்த நாள் எந்த அன்பியத்துக்கு (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு வட்டத்துக்கு). திருவிழா முடிந்ததும் கணக்கு வாசிப்போம், இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார், அப்புறம் பார்த்தால் கிறிஸ்துமஸ் குடில் வேலை வந்துவிடும். திருவிழா இல்லாமல் எங்கள் ஊரை என்னால் நினைத்தே பார்க்க முடியாது, அதனால் அதைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் இன்னும் பத்து வருஷம் கழித்து இந்தத் தேரைத் தூக்க இந்தப் பங்கில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற கேள்வி நம் கூட்டங்களில் எழுவதே அபூர்வம். பங்குப் பேரவையில் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நோட்டைப் புரட்டினால் போன திருவிழாவும் வருகிற திருவிழாவும்தான் இருக்கும்.

பங்கின் வருங்காலத்தைத் திட்டமிடுவது பொதுநிலையினரான (குருவோ துறவியோ அல்லாத) நாம் முன்னின்று செய்ய வேண்டிய வேலை என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிறார்கள், அதுவும் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில். ஒருவர் வந்து மாலை நேரப் படிப்பகம் தொடங்குவார். அடுத்து வருகிறவருக்கு மதில் சுவரும் சொரூபம் வைக்கிற கெபியும்தான் அவசரம் என்று தோன்றும், படிப்பகம் பூட்டிக்கொள்ளும். இருவருமே நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடர்ச்சிக்கு ஆள் இல்லை, அதுதான் சிக்கல். அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே திருமணம் முடித்து, அங்கேயே அடக்கமாகப் போகிற நாம்தானே அந்தத் தொடர்ச்சி?

சரி, இதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பீர்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சபையின் நன்மைக்கானதைத் தங்கள் மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்வது இறைமக்களின் உரிமை, சில நேரம் கடமையும்கூட என்கிறது 212-ஆம் சட்டம். 536-ஆம் சட்டம் பங்கு மேய்ப்புப்பணிப் பேரவை பற்றியது: பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் நல்லதென்று கருதினால் பங்குகளில் அதை அமைக்கலாம், தலைவர் பங்குத்தந்தை, அதற்கு இருப்பது ஆலோசனை சொல்லும் வாக்கு மட்டும். அடுத்த சட்டமான 537-ஐப் பாருங்கள், நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் பேரவை இருக்கிறது, நிதிக்குழு பெயருக்கு இருக்கிறது, அல்லது பேரவையின் பொருளாளர் ஒருவரே நிதிக்குழுவாகவும் இருக்கிறார். அப்புறம், உலக ஆயர் மாமன்றம் 2024 அக்டோபரில் வெளியிட்ட இறுதி ஆவணம் இந்தப் பங்கேற்பு அமைப்புகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே வலியுறுத்துகிறது, திருத்தந்தை பிரான்சிஸ் அதை ஏற்று வெளியிடச் சொன்னார்.

வெறும் ஆலோசனைதானே, முடிவு சாமியார் கையில்தானே என்று சலித்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சலிப்பு நியாயமானதுதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘நம்ம ஊருக்கு மண்டபம் வேணும் ஃபாதர்’ என்பதும் ஆலோசனைதான். எத்தனை குடும்பம், வருஷத்துக்கு எத்தனை விசேஷம், பக்கத்து ஊர் மண்டபத்துக்கு மக்கள் கொடுக்கும் வாடகை என்ன, கட்டி முடித்தபின் கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று தாளில் எழுதி வைப்பதும் ஆலோசனைதான். முதலாவதைத் தட்டிக்கழிப்பது சுலபம். இரண்டாவதைத் தட்டிக்கழிக்க யாராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

முன்கூட்டித் திட்டமிடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தைச் சொல்கிறேன். அங்கே ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தார்கள், குருக்கள் குறைந்தார்கள், கட்டடங்கள் பழுதாகிக்கொண்டிருந்தன. அதன்மேல் 2002-ல் சிறார் மீதான பாலியல் கொடுமைகளும் அவை மூடி மறைக்கப்பட்டதும் வெளியே வந்து, மக்களின் நம்பிக்கையே உடைந்து போயிருந்தது. அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பக்கத்துப் பங்குகளைச் சேர்த்துக் குழு குழுவாக உட்காரவைத்து, உங்களில் எந்தப் பங்கை மூடலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பொதுநிலையினர் குழுதான், மக்கள் பங்கேற்புதான். ஆனால் சில வாரங்களே அவகாசம், கேள்வியும் அது ஒன்றே ஒன்று. 2004 மே மாதம், இருந்த 357 பங்குகளில் 65-ஐ மூடப் போவதாகப் பேராயர் ஷான் ஒமாலி அறிவித்தார்.

மக்கள் கோவிலை விட்டு வெளியேற மறுத்தார்கள். சிச்சுவேட் என்ற கடலோர ஊரில் புனித ஃபிரான்சிஸ் சேவியர் கப்ரீனி ஆலயத்தில் 2004 அக்டோபரில் உட்கார்ந்தவர்கள் முறைவைத்து இரவும் பகலும் உள்ளேயே இருந்தார்கள். வத்திக்கான் வரை முறையீடு போனது, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது, அது விசாரிக்க மறுத்தபின் 2016 மே மாத இறுதியில்தான் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். பதினோரு வருஷத்துக்கும் மேல்! கோவிலின்மேல் அவ்வளவு பிடிப்பு உள்ள மக்களை இருபது வருஷம் முன்னாலேயே உட்காரவைத்துப் பேசியிருந்தால் அந்த ஊரின் கதையே வேறாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அதே பாஸ்டன் 2012-ல் வேறு வழியில் போனது. குருக்கள், துறவியர், பொதுநிலையினர் சேர்ந்த ஒரு ஆணையம் முதலில் ஒரு வரைவைத் தயாரித்து, பல கூட்டங்களில் மக்கள் முன் வைத்துத் திருத்தியது. அன்றைக்கு இருந்த 288 பங்குகளை ஏறத்தாழ 135 கூட்டுப் பங்குகளாகச் சேர்ப்பது, இரண்டு மூன்று பங்குகளுக்கு ஒரே பங்குத்தந்தை, ஒரே பணிக்குழு, ஆனால் ஒவ்வொரு பங்கின் பெயரும் சொத்தும் அதனிடமே இருக்கும் என்பது ஏற்பாடு. அதிலும் மனக்கசப்புகள் உண்டு. ஆனாலும் மூடுவதா வேண்டாமா என்பதிலிருந்து, எப்படிச் சேர்ந்து பணி செய்வது என்று கேள்வியாவது மாறியது.

நமக்கு எதற்கு இந்தக் கதை, நம் கோவில்களில் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லையே என்று தோன்றலாம். உண்மைதான், நம்மில் பல இடங்களில் பங்குகள் பிரிந்து பெருகுகின்றன. சென்னை - மயிலையிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-ல் தனியாகப் பிரிந்ததே புறநகர் எப்படி வளர்ந்தது என்பதற்குச் சாட்சி. ஆனால் இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஒரு பையன், ஒரு பொண்ணு என்று இருக்கிற வீட்டிலிருந்து எத்தனை பேர் குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் போவார்கள்? அந்த இருவரில் ஒருவர் பெங்களூருவிலும் மற்றவர் குவைத்திலும் இருந்தால் வீட்டில் யார்?

இதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து நிபுணர் வரவேண்டாம். பங்கு அலுவலகத்து அலமாரியில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. பங்குத்தந்தையின் அனுமதியோடு, அலுவலகத்திலேயே உட்கார்ந்து (அந்தப் பதிவேடு வெளியே போகவே கூடாது, பெயர்களையும் வெளியே பேசக் கூடாது) பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் குறிப்புக்கான இடத்தைப் பாருங்கள். ஒருவருக்குத் திருமணம் ஆனதும் எங்கே, எந்தக் கோவிலில், எந்தத் தேதியில் என்று அவருடைய திருமுழுக்குப் பதிவுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம். பழைய பக்கங்களில் மங்கிப்போன நீல மையில் இதே கோவில், இல்லாவிட்டால் பக்கத்துக் கோவில் என்றே இருக்கும். பின்னால் வரவர கோயம்புத்தூர், பெங்களூரு, துபாய் என்று ஊர்ப்பெயர்கள் மாறிக்கொண்டே போகும், பல இடம் வெறுமையாகவே கிடக்கும். ஊர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்த ஓரத்துக் குறிப்பிலேயே இருக்கிறது. முதல் நற்கருணை வகுப்புப் பட்டியலையும் இறப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த பத்து வருஷம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எண்ணிக்கை தெரிந்தபின் அன்பியங்களுக்குப் போக வேண்டும். இருபது முப்பது குடும்பம் சேர்ந்த ஒரு வட்டம், ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்காருகிறவர்கள். பேரவைக் கூட்டத்தில் வாயே திறக்காத பெண்கள் அங்கே பேசுவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில், மண்டபத்துக்கு டைல்ஸ் போடுவது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “எனக்குக் காலு நடக்க மாட்டேங்குது, நன்மை வாங்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா? கல்லறையில எடமாவது பாக்கி இருக்கா?” என்று கேட்டார். டைல்ஸ் பேச்சு நின்றுவிட்டது. நடக்க முடியாதவர்களுக்கு நற்கருணை கொண்டுபோக எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுப்பது, கல்லறைத் தோட்டத்துக்கு என்ன ஏற்பாடு, இவைதான் பத்தாண்டுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் வரவேண்டியவை என்று எனக்குப் புரியவைத்தவர் அந்தப் பாட்டிதான்.

கிளைக்கிராமங்களையும் மறந்துவிடாதீர்கள். மாதம் ஒரு பூசை கிடைக்கிற ஊர்களில் விசுவாசத்தைக் கட்டிக்காத்தவர்கள் உபதேசியார்கள், மணியடித்து, செபம் சொல்லிக்கொடுத்து, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போனவர்கள். வேதியர் என்றும் சொல்கிற இந்த உபதேசியார் பணியை முறையான திருப்பணியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் ஏற்படுத்தினார், ஆண்களுக்கும் பெண்களுக்கும். உங்கள் பங்கில் இருந்து இரண்டு பேரை அனுப்பிப் படிக்கவைக்க, அவர்கள் குடும்பம் பட்டினி கிடக்காதபடி மாதச் சம்பளம் கொடுக்க நிதிக்குழுவில் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா? கோபுரத்துக்கு நன்கொடை கேட்டால் கொடுக்கிற நாம் உபதேசியார் சம்பளத்துக்குக் கேட்டால் யோசிக்கிறோம், எனக்கு இது பெரிய வருத்தம்.

இந்தப் பத்தாண்டுத் திட்டம் போடும் குழுவில் யார் உட்காருவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று முறை தொடர்ந்து அதே துணைத் தலைவர், அதே பெரிய குடும்பங்கள், பெண்கள் என்றால் பீடம் அலங்கரிக்கவும் சமையலுக்கும், இளைஞர்கள் என்றால் நாற்காலி தூக்க. பெண்கள், இளைஞர்கள், ஏழைகள், ஓரத்தில் தள்ளப்பட்டவர்கள் இந்த அமைப்புகளில் அதிகமாக வரவேண்டும் என்று மாமன்ற ஆவணம் சொல்கிறது, கோவில் வேலையிலேயே இருப்பவர்கள் மட்டும் போதாது என்றும் சொல்கிறது. செவிலியராக வேலை செய்கிற பெண், ஆட்டோ ஓட்டுகிற தம்பி, வலை இழுக்கிறவர், இவர்களுக்குத் தெரிந்த ஊர் வேறு.

சாதியைப் பற்றிப் பேசாமல் போனால் நான் பேசியதில் அர்த்தமே இல்லை. விழுப்புரம் பகுதியின் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில் 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு உயிர் போனது. ஒரே பலிபீடத்தைச் சுற்றி நிற்கிறவர்களுக்குள் இது நடந்தது. ஒரு தெருவின் ஆட்கள் எந்தக் குழுவிலும் இல்லாத பங்கு எந்தத் திட்டம் போட்டாலும் அது பாதி ஊரின் திட்டம்தான். தேர் எந்தத் தெருவுக்கெல்லாம் போகும், கல்லறையில் சாதிபார்த்துப் பிரிக்கும் சுவர் இருக்கிறதா என்பவற்றைத் திட்டக்குழு முதல் கூட்டத்திலேயே எடுக்கட்டும். சண்டை வரும் என்று பயந்து தள்ளிப்போட்டால் சண்டை பெரிதாகத்தான் வரும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்கிறது சட்டத் தொகுப்பின் 1287. திருவிழாக் கணக்கை ஒட்டுகிறோம், நல்லது. பங்கின் முழு வருஷக் கணக்கையும் அதே பலகையில் ஒட்டுங்கள்.

உங்கள் பங்கில் தொடங்குவதற்கு ஒரே ஒரு கூட்டம் போதும். வருகிற ஞாயிறு பூசை அறிவிப்பில், பங்கின் அடுத்த பத்து ஆண்டு பற்றிப் பேச எல்லாரும் வரலாம் என்று சொல்லும்படி பங்குத்தந்தையைக் கேளுங்கள், திருவிழாப் பேச்சு அன்றைக்கு வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கிளைக்கிராமத்துக்காரர்கள் திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு நேரம் குறியுங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீடு வந்து குளிக்க நேரம் வேண்டும், அதனால் ஆறரைக்கு முன் வேண்டாம். குறிப்பு எழுத ஒரு பெண்ணையும் ஒரு இளைஞரையும் உட்காரவையுங்கள், கூட்டம் முடிந்ததும் எழுதியதை எல்லாருக்கும் வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நோட்டில் ஒரு பிரதி பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும், ஜூனில் புதிய பங்குத்தந்தை வந்தால் மாலை மரியாதையோடு சேர்த்து அதையும் அவர் கையில் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.