நம்ம ஏழையாடா?

(திரையில்: கரும்பலகை, மர பெஞ்சுகள். பின்னணியில் குரல் மட்டும்.)

வணக்கம். வறுமையைத் தமிழ் எந்தெந்தச் சொற்களால் பேசுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. ஆறாம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் இந்த வீடியோவைத் தொடங்க வேண்டும். யாரோ ஒரு நல்ல மனுஷர் எங்கள் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தார். வாத்தியார் வகுப்புக்குள் வந்து, "ஏழைப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். ஒருத்தரும் எழவில்லை. டவுசரில் ஒட்டுப் போட்டவன் எழவில்லை, மதியச் சாப்பாட்டுக்காகவே பள்ளிக்கு வருகிறவன் எழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவன் என் காதுப்பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "நம்ம ஏழையாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "கையில காசு இல்ல", "இந்த மாசம் ரொம்ப முட்டுப்பாடு", "சம்பளம் வரட்டும் பார்க்கலாம்", இதெல்லாம் தினமும் காதில் விழும். ஏழை என்ற சொல் மட்டும் பாடப் புத்தகத்தில் இருந்தது, மேடையில் இருந்தது, சினிமாவில் இருந்தது. இன்றைக்கும் பாருங்கள், வீட்டு வேலைக்குப் போகும் அக்காவிடம் கேட்டால் "கஷ்டப்படுறோம்" என்பார், "இல்லாதப்பட்டவங்க" என்பார், "அன்றாடங்காய்ச்சி" என்பார். ஏழை என்பது பெரும்பாலும் அடுத்தவர் நமக்கு வைக்கிற பெயர்.

(திரையில்: 'அன்றாடங்காய்ச்சி' என்ற சொல் பெரிதாக.)

இந்த அன்றாடங்காய்ச்சி என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அன்றாடம் காய்ச்சுகிறவர். இன்றைய கூலி கைக்கு வந்த பிறகுதான் இன்றைய அரிசி, இன்றைய உலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருமுனைக் கடையில் போய் நின்றால் புரியும்: பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்குச் சீரகம், ஒரு பாக்கெட் ஷாம்பு, இரண்டு முட்டை. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாதது இல்லை, மொத்தமாக வாங்கப் பணம் மொத்தமாக வர வேண்டுமே! ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுக்க அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. உள்ளே இருந்து வந்த சொல் இப்படித்தான் இருக்கும், நிலைமையைச் சொல்லும், ஆளைத் தாழ்த்தாது.

சரி, 'ஏழை' எங்கிருந்து வந்தது? பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கும் பணத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. திருக்குறள் 873: "ஏமுற் றவரினும் ஏழை தமியனாய்ப் பல்லார் பகைகொள் பவன்". தனியாளாக நின்று பலருடைய பகையைத் தேடிக்கொள்கிறவன், பித்துப் பிடித்தவனை விட ஏழை. இங்கே ஏழை என்றால் அறிவில்லாதவன். பெண்ணுக்கும் அந்தச் சொல் வழங்கியது. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்டிருப்பீர்கள், அதில் "ஏழை பங்காளனையே பாடேலோர் எம்பாவாய்" என்று வரும். உமையைத் தன் உடம்பில் ஒரு பாகமாக வைத்திருப்பவன் என்று பொருள். இன்றைக்குச் சுவரொட்டியில் "ஏழைப் பங்காளர்" என்று பார்த்தால் நமக்கு வேறு அர்த்தம்தான் தோன்றும். அறியாதவர், பெண், வலுவில்லாதவர், காசில்லாதவர், இத்தனை பேரையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருந்த சமூகம் நம்முடையது என்று படிக்கிறபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

வறுமைக்கு வள்ளுவர் காலத்தில் வேறு சொற்கள் இருந்தன: இன்மை, நல்குரவு, நிரப்பு. நல்குரவு என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 105-வது. அதில் 1046-வது குறள், நல்ல விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டு சொன்னாலும் வறியவர் சொல் எடுபடாது என்கிறது. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்ற பழமொழியும் அதையேதான் சொல்கிறது. பசியைப் பற்றிப் பேசுகிற அதே அதிகாரத்தில் பேச்சுரிமையைப் பற்றியும் ஒரு குறள் வைத்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

(திரையில்: சென்னை வரைபடம். பக்கிங்காம் கால்வாய் நீல நிறத்தில்.)

அடுத்து, திட்டுச் சொற்கள். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

பரதேசி என்றால் வேற்று தேசத்தவன், ஊர் ஊராகத் திரியும் துறவி. இன்று அது வசவு. ஆண்டியும் துறவிதான். "பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா?" என்று கேட்கிறோமே, அதற்குள் ஒரு வரலாறே கிடக்கிறது: பஞ்சம் வந்தால் நேற்றுவரை நிலம் வைத்திருந்தவரும் ஓடு எடுத்து நிற்க வேண்டியதுதான் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் ஊரின் பகுதிகளுக்கே சேரி என்றுதான் பெயர். பிறகு சாதி அந்தச் சொல்லைத் தலித் மக்கள் வாழும் பகுதிக்கு மட்டும் ஒதுக்கியது. இன்று வேளச்சேரியில் வீடு வாங்கியவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார், புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறோம், ஆனால் "சேரிப் பசங்க" என்று ஒருவர் சொல்லும்போது அவர் என்ன சொல்கிறார் என்பது கேட்கிற எல்லோருக்கும் தெரியும்.

இதிலெல்லாம் மோசமானது புறம்போக்கு. இது ஒரு வருவாய்த்துறைச் சொல். வரி விதிக்காமல் பொதுவுக்கு என்று ஒதுக்கி வைத்த நிலம். ஏரி, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு. ஊரில் எல்லோருக்கும் சொந்தம், தனி ஒருத்தருக்கும் சொந்தமில்லை என்பதால் அதற்குப் பட்டா கிடையாது. ஒரு ஊர் உயிரோடு இருப்பதே அந்த நிலத்தால்தான். அந்தச் சொல் எப்படி மனிதனைத் திட்டுகிற சொல்லானது என்பதற்கு ஒரு இடத்தைக் காட்டுகிறேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம், தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்வது. பட்டினியில் கிடந்த மக்களை வைத்து நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஒரு கால்வாய்த் துண்டை வெட்டினார்கள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அது. வேலை செய்யும் ஆணுக்கு ஒரு கட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறக்குறைய 450 கிராம், கூடவே ஒரு சின்னக் காசு என்று கணக்குப் போட்டது அன்றைய அரசு. மண் வெட்டிச் சுமக்கிற ஒரு ஆளுக்கு! பிற்காலத்தில் அந்தக் கால்வாய்க் கரைகளில்தான் கூலி வேலைக்கு வந்த மக்கள் குடிசை போட்டார்கள், அரசுக் கணக்கில் அது புறம்போக்கு. நிலத்தின் வகைப்பெயர் அப்படியே குடியிருப்பவர் மேல் ஒட்டிக்கொண்டது. பசித்தவர் கையால் வெட்டிய கால்வாய், அதன் கரையில் படுத்தவருக்கு அந்தப் பெயர்.

அப்புறம் அங்கிருந்தும் கிளப்பினார்கள். நீர்நிலை ஓரம் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார்கள். வேலை கேட்டுப் போகும் இளைஞர்கள் அங்கே முகவரியைச் சொல்லத் தயங்கி, சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுக்கிறார்கள். பழைய பெயர் புறம்போக்கு, புதுப் பெயர் பின்கோடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

(திரையில்: ஓலைச்சுவடி. அடுத்து, சாத்திய கதவு ஒன்று.)

இலக்கியத்துக்கு வருவோம். புறநானூறு 164-ல் பெருந்தலைச் சாத்தனார் தன் வீட்டு அடுப்பைக் காட்டுகிறார். "ஆடுநனி மறந்த கோடுயர் அடுப்பின் ஆம்பி பூப்ப". சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைத்துச் சுவைத்து அழுகிறது குழந்தை, அதன் முகத்தை மனைவி பார்க்கிறாள், அவள் கண்ணீரை அவர் பார்க்கிறார். வறுமை என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

சிறுபாணாற்றுப்படை என்ற சங்கப் பாட்டு இன்னும் நெருங்கிப் போகிறது. கூரை மூங்கில் சரிந்து, கறையான் அரித்த சுவர் உள்ள சமையலறை. அதில் ஈன்ற நாய் ஒன்று, கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியைக் கவ்வ, வலி தாங்காமல் குரைக்கிறது. கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டும் கலைஞர் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பு இல்லாமல் வேகவைக்கிறாள். அப்புறம் ஒரு வரி: "மடவோர் காட்சி நாணிக் கடையடைத்து". அறியாதவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, வாசல் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறாள்.

அந்தக் கதவை நான் பார்த்திருக்கிறேன். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். விருந்தாளி வரும் சத்தம் கேட்டதும் கஞ்சிப் பானையைத் துணி போட்டு மூடுகிற கை, டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்தபடி வைத்துச் சாப்பிடும் பையன், எல்லாம் அந்தக் கதவுதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பாடல்கள் வள்ளலைப் புகழ எழுதப்பட்டவை. வறுமை எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ, கொடுத்தவர் முகம் அவ்வளவு வெளிச்சமாகத் தெரியும். இன்றைக்குச் செல்போனில் வருகிற உதவி வீடியோக்களுக்கும் அதே கட்டமைப்புதான்: முதலில் ஒழுகும் கூரை, பாட்டியின் கண்ணீர், சோகமான இசை, பிறகு அரிசி மூட்டையோடு வருகிறவர். ஆனால் சங்கப் பாட்டில் பேசுவது பசித்தவர். "என் மனையோள்" என்று அவரே சொல்கிறார். இந்த வீடியோக்களில் கேமரா அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறது, பாட்டி கையெடுத்துக் கும்பிட மட்டும் இடம் தருகிறார்கள்.

'நான்' என்று பேசும் குரல் உரைநடையில் பலமாகக் கேட்பதற்கு வெகுகாலம் ஆனது. 1992-ல் தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய 'கருக்கு' வந்தது. தன் ஊர், தன் தெரு, தன் சனங்கள் பேசுகிற தமிழிலேயே எழுதினார். வேலை, பசி, சாதி மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது அந்தத் தமிழிலேயே தெரிந்தது.

சினிமா தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1964-ல் படகோட்டி, 1971-ல் ரிக்‌ஷாக்காரன் என்று உழைப்பாளியை நாயகனாக்கி எம்.ஜி.ஆர். நடித்தபோது, கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், அதைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் சென்னைத் தமிழ் பேசுகிறவர் என்றால் ஒன்று காமெடியன், இல்லையென்றால் அடியாள் என்பதும் அதே திரையில் பல வருஷம் ஓடியது. "லோக்கல்" என்ற சொல் இழிசொல்லானதும் அந்தப் பழக்கத்தில்தான். 2015-ல் வெளியான காக்கா முட்டையில் தண்டவாளத்தில் சிதறும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கும் இரண்டு சிறுவர்களுக்கு ஒரு பீட்சா வேண்டும். அவர்கள் அதைப் பரிதாபமாகக் கேட்கவில்லை, காசு சேர்க்கிறார்கள், திட்டம் போடுகிறார்கள். கடைசியில் வாயில் வைத்துப் பார்த்து, ஆயா சுட்ட தோசையே நல்லா இருந்தது என்கிறார்கள். ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த படம் அது.

(திரையில்: விண்ணப்பப் படிவம், நீலப் பேனா.)

கடைசியாக அரசுத் தமிழ். இங்கே சில நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 2011-க்குப் பிறகு 'இலவசம்' போய் 'விலையில்லா' வந்தது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் மாறியதால் கூரை மாறிவிடாது, இருந்தாலும் தினமும் அந்தப் பெயரைச் சொல்லி விண்ணப்பிக்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மாறாத சொற்களும் இருக்கின்றன. போன வருஷம் எங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அக்காவுக்கு ஓய்வூதிய மனு எழுதிக் கொடுத்தேன். கணவர் இறந்து நான்கு வருஷம். திட்டத்தின் பெயர் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத் திட்டம். வழக்கமான பாணியில், "மிகவும் ஏழ்மை நிலையில் வாடும் ஆதரவற்ற விதவையாகிய நான்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஆதரவற்றன்னா என்ன தம்பி?"

"யாரும் பார்த்துக்கிறதுக்கு இல்லாதவங்கன்னு அர்த்தம் அக்கா."

"அப்ப என் பொண்ணு? காலையில நாலு மணிக்கு எழுந்து எனக்குச் சட்னி அரைச்சுக் குடுத்துட்டுத்தான காலேஜ் போவுது?"

திட்டத்தின் பெயரே அதுதான் அக்கா, அதை மாற்ற முடியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, பேர் இருக்கட்டும். கீழ நான் சொல்றத எழுது" என்றார். 'வாடும்' என்பதை அடித்தேன், 'ஏழ்மை'யையும் அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதியது இவ்வளவுதான்: "இட்லிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய் மிஞ்சும், மழை பெய்தால் அதுவும் இல்லை. மகள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்." வாங்கி ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார், கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.