கதவா, ஜன்னலா?

நடுவர் அவர்களே, வணக்கம். மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிற பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் என்ற பள்ளிக்கூடம், காலனி ஆட்சி நமக்குத் திறந்துவிட்ட கதவா, வெறும் ஜன்னலா என்பது தலைப்பு. ஜன்னல்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, பள்ளி தொடங்கிய 1816இலிருந்து பேச்சை ஆரம்பித்தார். பாதிரியார் ஹட்சிங்ஸ் இனம், மதம் பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்தார், அங்கே படித்த துங்கு அப்துல் ரஹ்மான் நாட்டின் முதல் பிரதமரே ஆனார் என்றெல்லாம் அடுக்கினார். சரி, மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் வெள்ளைக்கார அரசாங்கம் கொடுத்தது என்றாரே, அங்கேதான் இடிக்கிறது. அது அரசுப் பள்ளி ஆனதே 1920இல்தான்! அதுவரை மானியம் கொஞ்சம், ஊரார் நன்கொடை கொஞ்சம் என்று ஓட்டிய பள்ளிக்கூடம் அது.

அக்காவின் பட்டியலில் டாக்டர் வூ லியென் தே பெயரும் வந்தது. நல்லவேளை, அவர் என் சாட்சி.

பினாங்குத் தட்டார் ஒருவரின் மகன். அந்தப் பள்ளியில் படித்து, 1896இல் இங்கிலாந்து போய்ப் படிக்க அரசாங்கம் தருகிற குயின்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கி, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீனர் என்ற பெயரோடு 1903இல் ஊர் திரும்புகிறார். அரசாங்கம் என்ன செய்தது? மருத்துவத் துறையின் மேல்பதவி எல்லாம் ஐரோப்பியப் பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு மட்டும் என்றது. அவ்வளவு படித்த மனிதர், நம்மவர்கள் பெயர் தாங்கிய சூலியா தெருவில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்து உட்கார வேண்டியதாயிற்று.

அப்புறம் சீனா கூப்பிட்டது, போய்விட்டார். 1910 குளிர்காலத்தில் சீனாவின் வடகிழக்கே மஞ்சூரியாவில் பிளேக். இது மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டுகொண்டு, மெல்லிய துணிக்கு நடுவே பஞ்சை வைத்து மடித்து, வாயையும் மூக்கையும் கட்டுங்கள் என்றார். இளக்காரமாகப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி முகக்கவசம் கட்டாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார், சில நாளில் அதே நோயில் இறந்தார். சுமார் 60,000 பேரைக் கொன்ற நோயை அடக்கிய அந்த மூளைக்குத்தான், ஐயா, பினாங்கில் ஒரு நாற்காலி இல்லை!

கதவு திறந்ததால்தானே கேம்பிரிட்ஜ் போனார் என்று எதிரணி கேட்கும். போனார். திரும்பி வந்தபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததே, அது யார் கை? அடுத்துப் பேச வருகிற அண்ணன் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே. மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.