ஜானி ஹாஸ்கின்ஸ்: தொப்பியை எரிக்கக் கொடுத்து டிக்கெட் வித்த ஸ்பீட்வே ப்ரொமோட்டர்

[திரை: ஓவல் மண் டிராக், இரவு விளக்குகள். நாலு பைக் உறுமிக்கிட்டு நிக்குது.]

நாலு பைக், நாலு ரவுண்டு, சுமார் ஒரு நிமிஷம். ரேஸ் அவ்வளவுதான். பைக்ல பிரேக் கிடையாது, கியர் ஒண்ணே ஒண்ணு. 500 சிசி எஞ்சினுக்கு ஊத்துறது பெட்ரோல் இல்ல, மெத்தனால். வளைவு வந்தா பின்சக்கரத்தை வேணும்னே வெளிப்பக்கமா வழுக்க விட்டு, இடது காலைத் தரையில ஊனி, பக்கவாட்டுலயே போவாங்க.

[திரை: ரைடரோட இடது பூட்ஸ், குளோசப்.]

இந்த பூட்ஸ் அடியில இரும்புத் தகடு தெரியுதா? அது இல்லேன்னா தேய்ச்ச தேய்ப்புல பூட்ஸ் கிழிஞ்சு தொங்கும்.

இதுதான் ஸ்பீட்வே. பொருட்காட்சில மரணக் கிணறு பார்த்தா வயித்தைக் கலக்குமே, அந்த ரகம். ஆனா இங்க பாயிண்ட் உண்டு: 3, 2, 1, கடைசியா வர்றவருக்கு பூஜ்யம்.

இப்போ கணக்குப் போடுங்க. ஒரு ராத்திரிக்குப் பதினஞ்சு ரேஸ்னு வெச்சா, பைக் ஓடுறதே மொத்தம் கால் மணி நேரம்தான். ஜனங்க காசு குடுத்து வந்திருக்கிறது ஒரு முழு சாயங்காலத்துக்கு. மிச்ச நேரத்துக்கு அவங்களைப் பிடிச்சு உட்கார வைக்கணும். மைதானம் பிடிக்கிறது, ரைடரோட பேரம் பேசுறது, போஸ்டர் ஒட்டுறது, மழை வராம இருக்கணும்னு வேண்டிக்கிறது, இதோட இந்தக் கவலையும் ப்ரொமோட்டர் தலையிலதான். அந்த வேலையை அறுபது வருஷம் சுத்திச் சுத்திப் பார்த்தவர்தான் ஜானி ஹாஸ்கின்ஸ்.

[திரை: ஆஸ்திரேலிய வரைபடம். நியூ சவுத் வேல்ஸ், மெயிட்லேண்ட்.]

1892-ல நியூசிலாந்தின் வைட்டாராவுல பிறந்தவர். பிழைப்புக்கு ஆஸ்திரேலியா வந்து, மெயிட்லேண்ட்ல ஒரு விவசாயக் கண்காட்சிச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். மாடு, குதிரை, காய்கறின்னு போட்டி நடத்துற சங்கம். 1923 டிசம்பர் 15, அந்தக் கண்காட்சி மைதானத்துல மின்விளக்குத் திருவிழா. அதுல மோட்டார் சைக்கிள் ரேஸையும் சேர்த்தாங்க. கூட்டம் வந்துச்சு, பிடிச்சுப் போச்சு.

“ஸ்பீட்வே பிறந்தது அன்னைக்குத்தான், பெத்தது நான்தான்”ங்கிற மாதிரியே ஹாஸ்கின்ஸ் கடைசி வரைக்கும் பேசிக்கிட்டிருந்தார். கொஞ்சம் நிறுத்துவோம். மண் டிராக்ல பைக் ரேஸ் அமெரிக்காவுல அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, ஆஸ்திரேலியாவுலயும் இருந்துச்சு. அதனால அவர் சொன்னதை அப்படியே வாங்கிக்க வேண்டாம். என்னைக் கேட்டா, அவர் உருவாக்குனது ரேஸை இல்ல, ரேஸை விக்கிற ஆளை. ‘நான்தான் கண்டுபிடிச்சேன்’ங்கிற கதையே அவர் ஒட்டுன முதல் போஸ்டர்தான்.

மெயிட்லேண்ட்ல இருந்து நியூகாசில், சிட்னின்னு போனார். சிட்னி அவரைக் கவுத்திடுச்சு. திறந்த மைதானத் தொழில்ல மழைதான் முதல் எதிரி. அங்கிருந்து பெர்த்துக்குப் போய் கிளேர்மான்ட் டிராக்ல ரேஸ் நடத்தி நிமிர்ந்தார்.

[திரை: பழைய பயணிகள் கப்பல்.]

1928 பிப்ரவரி 19. லண்டன் பக்கத்துல எப்பிங் காட்டு ஓரம், ஹை பீச்ங்கிற இடத்துல ஒரு பைக் கிளப் ரேஸ் வெச்சாங்க. எதிர்பார்த்ததை விடப் பல மடங்கு ஜனம். கூட்டம் டிராக்குக்குள்ளயே புகுந்து நின்னுச்சு. அந்த வருஷமே ஹாஸ்கின்ஸ் ஆஸ்திரேலிய ரைடர்களைக் கூட்டிக்கிட்டுக் கப்பல்ல இங்கிலாந்து வந்து இறங்கினார். வெம்ப்ளி ஸ்டேடியத்தை நடத்துன ஆர்தர் எல்வின் 1929-ல ஸ்பீட்வே ஆரம்பிச்சப்போ, பொறுப்பை இவர்கிட்டதான் கொடுத்தார்.

ஆனா ஹாஸ்கின்ஸ் முழுசா ஹாஸ்கின்ஸா ஆனது வெஸ்ட் ஹாம்ல. கிழக்கு லண்டன், கஸ்டம் ஹவுஸ். துறைமுகத் தொழிலாளிங்க ஏரியா, பெரிய ஸ்டேடியம். இங்கதான் அந்தத் தொப்பி.

[திரை: தொப்பி வெச்ச மனுஷன், சுத்தி ரைடர்கள். வரைபடம்.]

டீம் ஜெயிச்சதும் ரைடர்கள் ஓடி வந்து முதலாளி தலையில இருந்து தொப்பியைப் பிடுங்குவாங்க. இவர் குதிப்பார், கத்துவார், துரத்துவார். அவங்க அதை மைதான நடுவுல போட்டுக் கொளுத்துவாங்க. ஸ்டாண்ட் முழுக்க விசில் பறக்கும். மறுவாரம் புதுத் தொப்பியோட வந்து நிப்பார், எரிக்கிறதுக்குன்னே. பத்திரிகைல விளம்பரம் குடுக்க ஆகுற காசை விடத் தொப்பி மலிவு.

கோமாளித்தனம் மட்டும்னா சீக்கிரம் புளிச்சிருக்கும். டீமும் பலமா இருந்துச்சு. 1937 லீக் சாம்பியன் வெஸ்ட் ஹாம். அவங்க ஸ்டார், ஆஸ்திரேலியாவோட ப்ளூயி வில்கின்சன். 1936-ல வெம்ப்ளில நடந்த முதல் உலக இறுதிப் போட்டில அஞ்சு ரேஸும் ஜெயிச்சார், ஆனா பட்டம் கிடைக்கல! முந்தைய சுற்றுகள்ல சேர்த்த போனஸ் பாயிண்டையும் கூட்டுனதால லயனல் வான் ப்ராக் சாம்பியன் ஆயிட்டார். 1938-ல வில்கின்சன் காறை எலும்பு உடைஞ்சு, கட்டுப் போட்டுக்கிட்டே இறங்கி உலகப் பட்டத்தை வாங்கினார். இப்படி ஒரு ரைடர் கையில இருந்தா எந்த ப்ரொமோட்டருக்கும் பாதி வேலை முடிஞ்சது.

போருக்கு அப்புறம் நியூகாசில், இது இங்கிலாந்து நியூகாசில். 1949-ல அந்த டீமை அப்படியே கிளாஸ்கோவுக்கு நகர்த்தி ‘ஆஷ்ஃபீல்ட் ஜயன்ட்ஸ்’னு பேர் வெச்சார். வேடிக்கை என்னன்னா, அதே ஊர்ல இன்னொரு டீம் ஏற்கெனவே இருக்கு, ‘டைகர்ஸ்’. அதை நடத்துனது அவரோட சொந்த மகன் இயன். ஒரே ஊரு, ஒரே கூட்டம், அப்பனும் மகனும் போட்டி. இதைவிட நல்ல போஸ்டர் வேணுமா?

அந்தச் சமயத்துல அரசாங்கம் ஸ்பீட்வே டிக்கெட் காசுல பாதிக்குக் கிட்டக் கேளிக்கை வரியா எடுத்துச்சு. வீட்டுக்கு வீடு டிவி வேற வந்துச்சு. ஐம்பதுகள்ல டிராக்கெல்லாம் வரிசையா மூட, ஹாஸ்கின்ஸ் மட்டும் கடையைக் கட்டல. மான்செஸ்டர்ல பெல் வியூ, அப்புறம் 1968-ல, எழுபத்தாறு வயசுல, கேன்டர்பரில புது டிராக். மத்தவங்க பேரப்பிள்ளைங்களோட உட்கார்ற வயசுல இவர் ரைடர்களோட சம்பளம் பேசிக்கிட்டிருந்தார். 1987-ல காலமானார். கேன்டர்பரி டிராக்கும் அந்த வருஷத்தோட மூடிடுச்சு.

[திரை: கஸ்டம் ஹவுஸ், இன்றைய தெருக்கள்.]

வெஸ்ட் ஹாம் ஸ்டேடியம் 1972-லயே மூடி, இடிச்சு, வீடு கட்டிட்டாங்க. அங்க தெருக்களுக்கு ஸ்பீட்வே ஆளுங்க பேரையே வெச்சிருக்காங்க. வில்கின்சன் பேர்ல ஒரு ரோடு, 1952 உலக சாம்பியன் ஜாக் யங் பேர்ல ஒரு ரோடு. ஹாஸ்கின்ஸுக்கும் உண்டு, ஆனா ஒரு முட்டுச்சந்துதான். மனுஷன் பார்த்திருந்தா நகராட்சியோட அதுக்கும் ஒரு பேரம் பேசியிருப்பார்.