மொகிங்காவும் மகேந்திரனும்

நடுவர் அவர்களே, இந்த மழையிலும் யாங்கோனின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

'பிடித்த இயக்குநரின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ரசனையா, வெறும் பழக்கமா?' ரசனைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "முடிவு தெரிந்த படத்தில் என்ன மிச்சம் இருக்கிறது?" அண்ணே, தினமும் காலையில் அதே கடையில் அதே மொகிங்காவை, அந்த மீன்குழம்பு நூடுல்ஸைச் சாப்பிடுகிறீர்கள். ருசி தெரியாமலா போகிறீர்கள்? (சிரிக்காதீர்கள், அண்ணி முன்வரிசையில் இருக்கிறார்.)

நான் இயக்குநர் மகேந்திரன் பைத்தியம். 'முள்ளும் மலரும்' 1978-இல் வந்தது. எனக்குப் பதினைந்து வயதில் பழைய கேசட்டில் கிடைத்தது. வின்ச் ஆபரேட்டர் காளிதான் அன்று எனக்கு எல்லாம். கடைசியில் தங்கையை என்ஜினியருக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு, "உங்களை எனக்கு இப்பவும் பிடிக்கலை" என்கிற மாதிரி ஒன்று சொல்வாரே, அதற்கு விசில் அடித்தவன் நான்.

அப்புறம் என் தங்கை தன் மாப்பிள்ளையைத் தானே தேர்ந்தெடுத்தாள். மூன்று மாதம் அவளோடு நான் பேசவில்லை. அந்த நாட்களில் ஒரு ராத்திரி அதே படத்தை மறுபடி போட்டேன். பாதியில் கரண்டு போனது. வந்ததும் விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை என் கண் காளி பக்கம் போகவே இல்லை. ஊரே கல்யாணத்துக்குப் போக, நடுவழியில் திரும்பி அண்ணனிடம் ஓடி வருகிறாளே வள்ளி, வள்ளியாக நடித்த அந்த ஷோபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வயதில் அந்த முகம் எங்கே போயிருந்தது? விசில் வரவில்லை. காலையில் தங்கைக்குப் போன் செய்தேன்.

இதைப் பழக்கம் என்பீர்களா?

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' பார்த்திருக்கிறேன் என்றார் எதிரணி அக்கா. நல்லது. கடைசியில் ஊர்க்காரர்கள் அந்தக் கொடுமைக்கார சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறார்கள். உங்கள் எல்லோரையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேனே, அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு என்று சொல்லிவிட்டு இறங்குகிறான். முதல் தடவை 'ஒழிந்தான்' என்று மூச்சுவிட்டிருப்பீர்கள், நானும்தான். அக்கா, கரையில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தீர்களா? அதற்கு இன்னொரு தடவை உட்கார வேண்டும். சிவாஜியின் 'தங்கப்பதக்க'த்துக்கு அப்படி வசனம் வசனமாக எழுதிய மனிதர், தன் படத்தில் முகங்களைப் பேசவிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

புதுப்படம் பார்க்க வேண்டாமா என்கிறார்கள். பார்க்கலாம், யார் தடுத்தது? ஆனால் மகேந்திரன் இயக்கியது மொத்தமே 12 படங்கள். 2019-இல் போய்விட்டார். 13-ஆவதுக்கு நான் எங்கே போவேன்?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். சரி, இறங்குகிறேன். இன்று ராத்திரி கரண்டு இருந்தால் வீட்டில் மகேந்திரனின் 'ஜானி'. எதிரணியும் வரலாம்.