ஆடிக்குள் வர வேண்டிய பணம்

செட்டிநாட்டுச் சீமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உழவர் பெருமக்களுக்கும் மற்ற நேயர்களுக்கும் வணக்கம்.

அரசு வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கு வரும் பணத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். அது அதிகாரிகள் பாடு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்கு ஏற்ற அண்ணா 4 நெல் 2009இல் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8 உளுந்து, நமக்குப் பக்கத்தில் ஆலங்குடியை அடுத்த வம்பனில் உருவானது. இரண்டு நிலையங்களும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இரண்டு ரகங்களும் மக்கள் வரிப்பணத்தில் பிறந்தவை.

ஒரு உளுந்து ரகம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால்தான் பணம் எங்கே தேவைப்படுகிறது என்பது புரியும். நாளைக்கு மலரப்போகும் மொட்டை இன்று மாலையே இடுக்கியால் மெல்லப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். மகரந்தம் ஏற்கும் சூல்முடியில் இடுக்கி பட்டால் மொட்டு உதிர்ந்துவிடும். மறுநாள் காலை வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, நூல் கட்டி அடையாளம் இட வேண்டும். இத்தனை செய்தும் பெரும்பாலான மொட்டுகள் கொட்டிவிடும். பிடித்த காயிலும் நாலைந்து மணிதான் தேறும். இந்தக் கைப்பழக்கம் உள்ள தினக்கூலி ஆட்களுக்கு ஒரு மாதக் கூலி நின்றால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வருவது லேசான காரியமில்லை.

இப்படிக் கலப்புச் செய்து கிடைத்த விதையிலிருந்து ஐந்தாறு தலைமுறை விதைத்து, செடி செடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேமலைச் சோதிக்க, சில வரிசைகளுக்கு ஒரு வரிசை வீதம் நோய் எளிதில் பற்றும் ரகத்தை நடுவே விதைத்து, பூச்சிமருந்து அடிக்காமல், நோயைப் பரப்பும் வெள்ளை ஈ பெருக விடுவார்கள். அதற்குள்ளும் தழைத்து நிற்கும் செடிக்குத்தான் அடுத்த சுற்று. பிறகு நிலையத்திற்குள் விளைச்சல் ஒப்பீடு, பல ஊர் ஆய்வு, உழவர் வயலில் ஆய்வு, அரசின் ரக வெளியீட்டுக் குழு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏறக்குறைய பத்து வருடம். ஆனால், வெளியிலிருந்து நிதி பெறும் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு ஒப்புதல் ஆகின்றன. நான்காம் வருடம் பணம் இல்லையென்றால் பாதி வழியில் நிற்கும் விதை குளிர்அறைக்குப் போகிறது. அதை அறிந்து வளர்த்த ஆய்வு மாணவர் வேறு ஊருக்குப் போகிறார்.

பணம் மூன்று வழியில் வருகிறது. மாநில அரசின் மானியம் முதலாவது. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடும். இரண்டாவது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டங்கள். இவற்றில் நூற்றுக்கு மத்திய அரசு 75 பங்கும் மாநிலம் 25 பங்கும் தர வேண்டும். ஒரு பங்கு பிந்தினாலும் வேலை நொண்டும். மூன்றாவது, போட்டி போட்டு வாங்கும் தனித் திட்டங்கள்.

தொகை போதாது என்பது உண்மைதான். வேளாண் உற்பத்தி மதிப்பில் 1 சதவீதமாவது ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று பல காலமாக வல்லுநர்கள் சொல்லிவருகிறார்கள். நம் நாடு அதை எட்டவில்லை. ஆனால் என்னை அதைவிட அதிகம் வருத்துவது, கொடுக்கிற பணமும் பருவம் பார்த்து வராததுதான். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் உழவு, புரட்டாசியில் விதைப்பு. நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. ஒப்புதல், முந்தைய ஆண்டின் பணம் உரிய வேலைக்குச் செலவானது என்ற பயன்பாட்டுச் சான்று, தணிக்கை எல்லாம் முடிந்து முதல் தவணை கார்த்திகையில் கைக்கு வந்தால் என்ன ஆகும்? பிந்தி விதைத்த ஆய்வு, மழையின் வாலில் மாட்டிக்கொள்ளும். நம் செம்மண்ணில் ஒரு கனமழைக்குப் பின் வெயில் அடித்தால் மேல்மண் இறுகி, முளை மேலே வராது. ஒரு பாத்தியில் செடி நெருக்கம், அடுத்ததில் வெறும் மண். ஒரே ரகத்தை மூன்று இடத்தில் விதைத்திருப்பார்கள். அந்த மூன்றுக்குள் உள்ள விளைச்சல் வேறுபாடு, ரகத்துக்கும் ரகத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாகிவிடும். அந்த ஆய்வைக் கணக்கில் எடுக்க முடியாது. ஒரு பருவம் போனால் ஒரு வருடம் போச்சு.

மார்ச் 31க்குள் செலவழியாத பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் தொடர அனுமதி கேட்க வேண்டும். அதனால் மாசி, பங்குனியில் அவசரமாகக் கருவி வாங்குகிறார்கள். கருவி நல்லதுதான், அதை இயக்க ஆளும் பழுதுபார்க்கக் காசும் அடுத்த வருடம் எங்கிருந்து வரும்?

கொடைக்குப் பேர்போன மண் இது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தந்தார். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமே எழுப்பினார். நிலமும் கட்டடமும் தரக் கொடையாளர் வருவார்கள். ஆண்டுதோறும் களையெடுக்கும் கூலிக்கும் மண் பரிசோதனை ரசாயனத்துக்கும் கொடை எழுதியவரைக் காண்பது அரிது. அந்தச் செலவை அரசுதான் ஏற்க வேண்டும். செட்டிநாட்டில் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் உண்டு. வேளாண் கல்லூரியும் உண்டு. கட்டடம் எழுந்தால் போதாது. அதன் ஆய்வு வயலுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

வேளாண் நிதிநிலை அறிக்கைக்கு முன் அரசு உழவர்களிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே விலை, கடன் தள்ளுபடியோடு இதையும் கேளுங்கள்: மானாவாரி நிலையங்களின் ஆய்வுச் செலவில் பாதியாவது ஆடிக்குள் வர வேண்டும், ரகம் உருவாக்கும் திட்டங்களுக்குப் பத்தாண்டு உறுதி வேண்டும். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் உழவர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாகவும் எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் வயலில் புது ரக ஆய்வு வைக்க விரும்பினால் ஆவணிக்குள் வேளாண் விரிவாக்க மையத்தில் பெயர் கொடுங்கள். மேடு பள்ளம் இல்லாத சில சென்ட் போதும். மர நிழல் படக்கூடாது, வரப்போரம் வேண்டாம். பக்கத்தில் உங்கள் பழைய ரகத்தையும் அதே நாளில், அதே உரத்தோடு விதையுங்கள். ஓர வரிசைகளை முதலில் அறுத்து ஒதுக்கிவிட்டு, நடுவில் உள்ளதைத் தனித்தனியாக அடித்து, நன்றாகக் காய்ந்தபின் எடை போட்டுச் சொல்லுங்கள். களத்தில் இரண்டும் கலந்துவிட்டால் அந்த எடையை அனுப்ப வேண்டாம்; கலந்துவிட்டது என்றே எழுதி அனுப்புங்கள். வணக்கம்.