காட்டில் மேப், மேசையில் தீசிஸ், இரண்டுக்கும் ஒரே தலை

வணக்கம் மக்களே. ஸ்வீடனில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே ஓரியண்டியரிங் போட்டிகளிலும் ஓடுகிறீர்களே, நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். நேரமெல்லாம் கிடைத்துவிடுகிறது. கிடைக்காமல் திண்டாடுவது களைக்காத தலைக்கு. இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக, ஓரியண்டியரிங் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் மேப், கட்டைவிரலில் காம்பஸ். மேப்பில் வரிசை எண் போட்ட ஊதா வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், காட்டில், ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக்கூண்டு தொங்கும். அதற்குப் பெயர் கண்ட்ரோல். விரலில் மாட்டியிருக்கும் சிப்பை அங்கே உள்ள பெட்டியில் வைத்தால் பீப் என்று சத்தம் வரும், அடுத்ததுக்கு ஓட வேண்டியதுதான். வரிசை மாறக்கூடாது, ஜிபிஎஸ் பார்த்து வழி தேடக்கூடாது. எந்த வழியாகப் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு. குறைந்த நேரத்தில் முடித்தவருக்கு வெற்றி.

இதோ, ஒரு மேப்பைக் கேமரா பக்கம் காட்டுகிறேன். தெரிகிறதா? ஸ்கேல் 1:10,000, அதாவது 1 செ.மீ. என்றால் தரையில் 100 மீட்டர். காடு என்றதும் பச்சையைத் தேடாதீர்கள். நன்றாக ஓடக்கூடிய காடுதான் இதில் வெள்ளை. பச்சை என்றால் புதர், அடர்பச்சை என்றால் உள்ளே போனால் வெளியே வருவது பெரும்பாடு. பழுப்புக் கோடுகள் உயரத்தைச் சொல்பவை, ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் 5 மீட்டர்.

இப்போது 6ஆம் கண்ட்ரோலிலிருந்து 7க்குப் போக வேண்டும். நேர்கோட்டில் 7 செ.மீ., 700 மீட்டர். ஆனால் நடுவில் குன்று. கோடுகளை எண்ணினால் ஐந்து, 25 மீட்டர் ஏற்றம். ஒரு மீட்டர் ஏறுவதைத் தட்டையான தரையில் பத்து மீட்டர் ஓடுவதற்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த விளையாட்டில் கைக்கணக்கு. ஆக நேர்வழி கிட்டத்தட்ட 950 மீட்டர் ஓட்டம். குன்று இறங்குகிற இடத்தில் பச்சைத் திட்டு வேறு. இடது பக்கம் ஒரு பாதை சுற்றிக்கொண்டு போகிறது, 1 கிலோமீட்டர் வரும், ஆனால் பாதையில் வேகம் எடுக்கலாம். நான் இடதுதான் போவேன். பாதை வளைகிற இடத்தில் கறுப்புப் புள்ளியாக ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம், அங்கிருந்து கண்ட்ரோல் வரை 80 மீட்டர்தான், காம்பஸைப் பிடித்து நிதானமாக உள்ளே போக வேண்டும். இவ்வளவு கணக்கையும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டே, 6க்குப் போய்ச் சேருவதற்கு முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், தீசிஸ் எழுதும்போதும் இதே தலைதான் உழைக்கிறது. ஐந்தாறு விஷயங்களை ஒரே சமயம் மனதில் நிறுத்தி, எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிற அதே வேலை. பகல் முழுக்க ஒரு மாடல் ஏன் பொருந்தவில்லை என்று மல்லுக்கட்டிவிட்டு மாலையில் காட்டுக்குப் போனால் கால் ஓடும், தலை ஓடாது. பக்கத்துக் குன்றில் நின்றுகொண்டு, மேப்பில் இருக்கிற குன்று இதுதான் என்று தோன்றும். பள்ளம் சரியாக இருக்கிறது, பாறை சரியாக இருக்கிறது, கண்ட்ரோல் மட்டும் இல்லை! பேரலல் எரர் என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். களைத்த மூளை தரையைப் பார்த்து மேப்பைப் படிக்காது, தரையை மேப்புக்குத் தகுந்தபடி வளைத்துக்கொள்ளும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இப்போது சிரிக்கலாம். டேட்டாவிலும் இதையேதான் செய்கிறோம்.

அதனால் நான் மணிக்கணக்கில் டைம்டேபிள் போடுவதை விட்டுவிட்டேன். தலைக்கு எவ்வளவு வேலை என்பதை வைத்துத்தான் வாரத்தைப் பிரிக்கிறேன். எழுத்து, கணக்கு, புதிய தியரி என்று மூளையைப் பிழிகிற நாளில் மாலைப் பயிற்சிக்கு மேப் கிடையாது, ஏற்றத்தில் இன்டர்வல் ஓட்டம், அதாவது வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடுவது மட்டும். டேட்டா சுத்தம் செய்வது, படம் வரைவது, அடிக்குறிப்பு ஒழுங்கு செய்வது மாதிரியான வேலை உள்ள நாளில் மேப் பயிற்சி. ஓரியண்டியரிங் கிளப் பயிற்சியின் கிழமை நம் வசதிக்கு மாறாது. ஆகவே படிப்பு வேலையைத்தான் அதைச் சுற்றி நகர்த்த வேண்டியிருக்கிறது. உடம்புக் களைப்பும் மூளைக் களைப்பும் ஒரே நாளில் உச்சத்துக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

வாரத்தை இப்படிச் சமாளித்துவிடலாம். வருடம்தான் தலைவலி. இங்கே முழுநேரப் படிப்பு என்றால் வருடத்துக்கு 60 கிரெடிட், வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று கணக்கு. பாடங்கள் பெரும்பாலும் ஒன்று முடிந்து அடுத்தது என்று வரும். அதனால் பரீட்சை செமஸ்டர் கடைசிக்குக் காத்திருக்காது, சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து நிற்கும். தவறினால் மறுதேர்வு உண்டு, ஆனால் அது அடுத்த பாடத்தின் நடுவில் வந்து விழும்.

போட்டிகளைப் பாருங்கள். டியோமிலா, பத்து பேர் சேர்ந்து இரவெல்லாம் ஓடுகிற ரிலே, ஏப்ரல் கடைசி அல்லது மே தொடக்கம். பின்லாந்தின் யுகோலா, ஏழு பேர், ஜூனில் இரவு 11 மணிக்குத் தொடங்கும். ஸ்வீடனின் பெரிய போட்டியான ஓ-ரிங்கன் ஜூலையில் ஐந்து நாள். அக்டோபரில் ஒரு அணிக்கு 25 பேர் ஓடுகிற ரிலே. இதில் டியோமிலாதான் மாணவர்களுக்கு வில்லன். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் தீசிஸைக் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்குச் சரியாக முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரவு ரிலே என்றால் அந்த ஓர் இரவு மட்டும் போவதில்லை, அடுத்த இரண்டு நாளும் தலையில் ஒன்றும் ஏறாது. என்னைக் கேட்டால், தீசிஸ் வருடத்தில் டியோமிலாவை விட்டுவிட்டு யுகோலாவுக்குத் தயாராகுங்கள். அதற்குள் செமஸ்டர் முடிந்திருக்கும், மனதில் பாரம் இருக்காது. டியோமிலாவில் ஓடியே தீர வேண்டும் என்பவர்கள் கைடிடம் முதல் மாதமே தேதியைச் சொல்லி வையுங்கள். ஏப்ரலில் போய்ச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும், செப்டம்பரில் சொன்னால் திட்டம்.

படிப்பும் ஓட்டமும் சேராது என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கான உலக ஓரியண்டியரிங் சாம்பியன்ஷிப் 1978 முதல் நடக்கிறது. உலக சாம்பியன்ஷிப்பில் 23 தங்கம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி உயிரியல் படித்தவர். அதற்காக, ஓடினால் மூளை தானாக வளரும் என்று சொல்பவர்களையும் முழுசாக நம்ப வேண்டாம். ஓரியண்டியரிங் ஆட்களுக்கு இட நினைவாற்றல் கூடுதலாக இருப்பதாக 2023இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. ஆனால் அது அவர்களே தங்களைப் பற்றிச் சொன்ன பதில்களை வைத்துச் செய்தது. நல்ல நினைவாற்றல் உள்ளவர்கள்தான் இந்த விளையாட்டுக்கு வருகிறார்களோ என்னவோ.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வந்த முதல் மாதமே கிளப்பில் சேர்ந்துவிடுங்கள். பஸ் போகாத காட்டுக்குக் காரில் இடம் கொடுப்பவர்கள் அவர்கள்தான். அந்த அரை மணி நேரக் கார் பயணத்தில் காதில் விழுகிற ஸ்வீடிஷ், வகுப்பில் கிடைக்காது. ஹெட்லாம்பும் முதலில் இரவல் கேளுங்கள், உடனே வாங்காதீர்கள். டிசம்பரில் ஸ்டாக்ஹோம் பக்கம் மூன்று மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. இருட்டுக்குப் பயந்தால் குளிர்காலம் முழுக்கச் சும்மா இருக்க வேண்டியதுதான். விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் எதுவும் தெரியாததால் காம்பஸையும் கோடுகளையும் ஒழுங்காகப் படிக்கப் பழகுவீர்கள், அது லாபம்.

அப்புறம் உண்ணி. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை, ஓடி வந்ததும் குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்து வருகிற டிபிஈ மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, சீசனுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊசி உண்ணி பரப்புகிற இன்னொரு நோயான லைமுக்குக் கேட்காது, ஆகவே ஊசி போட்டாயிற்று என்று பார்க்காமல் விடாதீர்கள்.

புதிதாக ஓட வருபவர்கள் என்ன நிறத்தில் பெயர் கொடுப்பது என்று குழம்புவார்கள். மேப்பில் உள்ள நிறம் இல்லை இது, போட்டியில் ஒரு பிரிவு எவ்வளவு கஷ்டம் என்பதை இங்கே நிறத்தில் சொல்வார்கள். பச்சையும் வெள்ளையும் பாதையோரமாகவே போகும். ஏற்கெனவே ஓடிப் பழகியவர் என்றாலும் மஞ்சளில் ஆரம்பியுங்கள், அது பழகியதும் ஆரஞ்சு. மிகக் கஷ்டமான கறுப்புப் பக்கம் இந்த வருடம் எட்டிப் பார்க்க வேண்டாம். மேப்பை மடித்துக் கட்டைவிரலை நிற்கிற இடத்தில் வைப்பது எப்படி என்று தனியாக ஒரு வீடியோ போடுகிறேன். சரி, கார் வருகிற நேரம் ஆகிவிட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு ஷூ மாட்டுகிறேன்.