வேல்ஸில் ஒரு கீரிப்பிள்ளைக் கதை, அதை வைத்து ஊரையே வளர்த்த ஹோட்டல்காரர்

வணக்கம் மக்களே! வேல்ஸ் மலைக்குள் இருக்கிற பெத்கெலெர்ட் கிராமத்துக்குப் போய்வந்தேன். வந்ததிலிருந்து உங்களிடம் சொல்லத் துடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பார்க்கிங். போனில் சிக்னல் இல்லை, ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது. அப்போது கைகொடுத்தது எது தெரியுமா? "காரில் இருக்கிற அந்தச் சில்லறை டப்பாவைத் தூக்கிப் போடுங்க" என்று எத்தனை பேர் கமெண்ட் போட்டீர்கள்! அதே டப்பாதான். மெஷினுக்குக் காசு போட்டு, பின்னால் நின்றவருக்கும் சில்லறை கொடுத்தேன். டப்பா காரிலேயேதான் இருக்கும், சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊருக்குள் இருக்கிறது ராயல் கோட் ஹோட்டல். 1802-ல் கட்டியது. அதை முதலில் நடத்தியவர் டேவிட் பிரிச்சர்ட், தெற்கு வேல்ஸிலிருந்து வந்தவர். மலை பார்க்க வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கிய காலம் அது. வருகிறவர்களுக்கு அவர் ஒரு கதை வைத்திருந்தார். 13-ஆம் நூற்றாண்டு இளவரசர் லுவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறார். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, நாய் கெலெர்ட்டின் வாயெல்லாம் ரத்தம். வாளை உருவிக் குத்திவிடுகிறார். அப்புறம் பார்த்தால் குழந்தை பத்திரம், பக்கத்தில் ஓநாய் செத்துக் கிடக்கிறது.

நம்ம கீரிப்பிள்ளைக் கதையேதான்! பாம்புக்குப் பதில் ஓநாய். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் கீரியைக் கொன்ற பெண் வருகிறாள். அவள் பாவம் தீரப் பொருள் கொடுத்து, விட்டுப்போன கணவனோடு சேர்த்துவைப்பது கோவலன்.

பிரிச்சர்ட் கதையோடு நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஆற்றோரப் புல்வெளியில் கல்லை நட்டு, நாயின் சமாதி இதுதான் என்று காட்டினார். "பொய்ச் சமாதியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இருநூறு வருஷமாக ஜனங்கள் அங்கே கண்கலங்கி நிற்கிறார்கள். அந்தக் கண்ணீர் நிஜம்தானே?

அட, சொல்ல மறந்தேன். ஹோட்டல் எழும்புவதற்கு முன்பே, 1800-ல், ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவிஞர் இதைப் பாட்டாக எழுதிவிட்டார். ஆஸ்திரிய இசைமேதை ஹைடன் இசையமைத்தார். எங்கோ மலைக்குள் இருந்த கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

பிரிச்சர்ட் இறந்தது 1821-ல். அவர் ஆவி ஹோட்டலில் உலவி, அடுப்புக்கல்லுக்கு அடியில் ஒளித்த பணத்தைக் காட்டிக்கொடுத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ரூம் டூர் கேட்காதீர்கள், நான் அங்கே தங்கவில்லை. சமாதிக்கு ஆற்றை ஒட்டியே நடைபாதை. ஏற்றம் இல்லை, அம்மா அப்பாவையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.